மூன்றாவது தோட்டாவில் நிற்கும் தாத்தாவின் ரைபிள்

கேள்வி: தாத்தாவின் வின்செஸ்டர் 1873 மாடல் ரைபிள், அப்பா காலமான பிறகு முறைப்படி என் லைசென்ஸில் ஏறிவிட்டது. ரேஞ்சில் சுடும்போது முதல் இரண்டு தோட்டாக்கள் ஒழுங்காக ஏறுகின்றன. மூன்றாவதில் லீவர் பாதியில் நின்றுவிடுகிறது. தோட்டா வாங்கிய கடையில், "உள்ளே பித்தளைக் கட்டை தேய்ந்துபோச்சு, அரம் போட்டுச் சரிபண்றோம், இல்லைன்னா எங்களுக்கே வித்துடுங்க" என்கிறார்கள். தோட்டாக்களை உதிரியாகத்தான் தந்தார்கள். என்ன செய்யட்டும்?
— மயிலாப்பூர் வாசகர்

பதில்: அரத்தை மட்டும் கிட்டே விடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் ரைபிள் மேல் இல்லை, தோட்டா மேல்தான்.

அந்த மாடலில் பாரலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் தள்ளும். லீவரை இறக்கினால் பித்தளைக் கட்டை லிஃப்ட் மாதிரி ஒரு தோட்டாவை மேலே தூக்கும். அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்தத் தனி உறுப்பு கிடையாது. கட்டையில் இருக்கும் தோட்டாவின் நீளமே தடுப்பு. தோட்டா குட்டையாக இருந்தால் அடுத்ததன் அடிப்பகுதி கட்டைக்குள் எட்டிப் பார்க்கும். நீளமாக இருந்தால் அதன் மூக்கே குழாயில் மாட்டிக்கொள்ளும். எப்படியானாலும் கட்டை எழும்பாது.

சரி, ஏன் மூன்றாவது? இந்த மாடலோடு வந்த 44-40 வகைத் தோட்டா கருமருந்துக் காலத்தில் பிறந்தது. தோட்டாவின் பித்தளைக் கூடு நிறைய மருந்து இருந்ததால், முனையில் இருக்கும் குண்டு உள்ளே போக இடமில்லை. இப்போதைய புகையில்லா மருந்து கூட்டை நிரப்பாது. கூட்டின் வாயை நன்றாக மடக்கி இறுக்காவிட்டால், சுடும் அதிர்விலும் ஸ்பிரிங் அழுத்தத்திலும் குழாயில் காத்திருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். மூன்றாவது தோட்டா இரண்டு அதிர்வுகளைத் தாங்கி வருகிறது. சிக்கிய தோட்டாவைக் கழற்றி எடுத்து, ரைபிளில் போடாத ஒன்றின் பக்கத்தில் ரேஞ்சிலேயே மேஜைமேல் நிறுத்திப் பாருங்கள். முழு நீளம் 40 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். நக அளவு குறைந்தாலே போதும், சிக்கும். குறைந்ததைத் திரும்பப் போட்டுச் சுடவே கூடாது. குண்டு உள்ளே இறங்கினால் அழுத்தம் ஏறும், அந்தப் பழைய லீவர் அமைப்புக்கு அவ்வளவு வலு கிடையாது. கூர்மூக்குக் குண்டும் வேண்டாம். குழாயில் ஒன்றின் மூக்கு, முன்னதன் அடியில் உள்ள, அடிபட்டால் வெடிக்கும் கேப்பில் இடித்தபடி இருக்கும்.

தோட்டா சரியாக இருந்தும் சிக்கினால், குழாயில் நசுங்கல், தளர்ந்த ஸ்பிரிங், உறைந்த எண்ணெய் என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போட்டு வைப்பார்கள். வருஷக்கணக்கில் அது வெல்லப்பாகு மாதிரி இறுகிவிடும். தோல் உறையிலும் வைக்காதீர்கள், சென்னைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும்.

இந்தச் சோதனை எதையும் வீட்டில் நிஜத் தோட்டாவால் செய்யாதீர்கள். குழாயில் ஒன்று ஒளிந்திருக்கலாம். பழுதுபார்க்கும் உரிமம் உள்ளவரிடம், டம்மி தோட்டா போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆயுதச் சட்டப்படி ரிப்பேருக்கும் லைசென்ஸ் வேண்டும்; கடையில் அதைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், பெட்டியில்லாத உதிரித் தோட்டா வாங்காதீர்கள். யார் நிரப்பியது என்றே தெரியாது. பில்லில் தோட்டாவின் வகையும் எண்ணிக்கையும் இருக்கட்டும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். ரைபிளை அவர்களுக்கே விற்கும் யோசனை, காரணம் தெரிந்த பிறகு இருக்கட்டும். அரம் பட்ட பழைய பித்தளை திரும்ப வளராது, மதிப்பும் போய்விடும்.

கேள்வி: பெரியப்பா வீட்டுப் பரணில் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று கிடைத்தது. லைசென்ஸ் இல்லை. ஷோகேஸில் வைக்கலாமா?
— அடையாறு வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழங்காலப் பொருளுக்கு விலக்கு தருகிறது, ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாததாக இருந்தால் மட்டும். துரு மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலையாமல், உங்கள் பகுதி காவல் நிலையத்தில் முதலில் எழுதிக் கொடுங்கள். வந்து பார்த்து, ஒப்படைக்கும் வழியை அவர்களே சொல்லட்டும். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.