Re: கம்பி தெரியுற பழைய வீடு, ரிப்பேர் செலவை எப்படி கணக்கு போடறது?

வாங்கப் பாக்குறது 40 வருஷ வீடு, சீலிங் பூச்சு விழுந்து கம்பி தெரியுது, ஓனர் பெயிண்ட் அடிச்சா போதும்னு சொல்றார்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அத நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. கம்பி துருப்பிடிச்சா அந்த துரு, அரிச்சுபோன இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேலயே இடத்த அடைக்கும், அதுதான் கான்கிரீட்ட உள்ளேருந்து தள்ளி உடைக்குது, அதனால கண்ணுக்கு தெரியுற இடத்த விட தெரியாத இடத்துலதான் செலவு அதிகம் இருக்கும். ஒரு சின்ன சுத்தியல எடுத்துட்டு போயி சீலிங் முழுக்க மெதுவா தட்டி பாருங்க, பிடிப்பு விட்டு உள்ள காலியா இருக்குற மாதிரி பொத்துன்னு சத்தம் வர்ற இடத்தயெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு அளந்துக்கோங்க, அந்த பரப்புதான் உங்க கணக்குக்கு ஆரம்பம். முடிஞ்சா நல்ல மழை பெஞ்ச மறுநாள் போங்க, புது பெயிண்ட் ஓதத்த அப்ப மறைக்க முடியாது.

வயரிங், பைப் ரெண்டும் பழசுன்னா முழுசா மாத்தறதாவே கணக்குல வைங்க. சுவர உடைச்சா திரும்ப பூசணும், இடிச்ச குப்பைய அள்ளணும், இதெல்லாம் நெறய பேர் விட்டுடறாங்க.

கொட்டேஷன் வாங்கும்போது மொத்தமா சதுர அடிக்கு இவ்ளோன்னு வாங்காம வேலை வாரியா அளவு போட்டு மூணு பேர்கிட்ட வாங்குங்க. அதுக்கு மேல 20 சதவீதமாவது தனியா வைங்க, பழைய வீட்ட உடைக்க ஆரம்பிச்சாதான் பாதி விஷயம் தெரியும்.

பீம், தூண்ல சாய்வா விரிசல் இருந்தா கொத்தனார் பேச்சோட நிறுத்தாதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு போங்க. அவர் ரிப்போர்ட்ட வெச்சே விலையும் குறைச்சு பேசலாம்.