கடைசி வரி வரை படிக்கிறேன், சொட்டு மருந்து எதற்கு?

கேள்வி: எனக்கு 52 வயது. சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது. போன மாதம் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தபோது கடைசி வரி வரை படித்தேன். ஆனாலும் டாக்டர், கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்துவரச் சொல்கிறார். அவசியமா? பக்கத்து வீட்டுக்காரருக்கு லேசர் வைத்த பிறகுதான் பார்வை மங்கியதாம். பயமாக இருக்கிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: அவசியம் போங்கள். கடையில் பார்த்தது கண்ணாடி பவரை மட்டும். எழுத்தைப் படிக்க விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் புள்ளி நன்றாக இருந்தாலே போதும். சர்க்கரையால் அதைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் வீங்கும், கசியும், அடைபடும். வலி இருக்காது, சிவக்காது. நடுப்புள்ளி தப்பித்திருக்கும்வரை பேப்பரையும் மடமடவென்று படிக்கலாம். டைப் 2 சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிட்டு, பிறகு வருடாவருடம் பார்க்க வேண்டும். உங்களுக்கு 9 வருடம் ஓடிவிட்டது.

சொட்டு விட்டால் லேசாக எரியும். கண் பாப்பா விரிய அரைமணி நேரம் ஆகும். அப்புறம் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், செல்போன் எழுத்து கலங்கும். அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கூட ஒருவரையும் ஒரு கூலிங் கிளாஸையும் கொண்டுபோங்கள்.

இப்போது லேசர். ரத்தம் போதாமல் தவிக்கும் விழித்திரை, அவசரத்துக்குப் புதுக் குழாய்களை வளர்க்கும். அவை மிக மெலிதானவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். ஓரப் பகுதிகளில் லேசர் வைத்தால் அந்தக் குழாய்கள் சுருங்கும். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் லேசர். போனதை அது பெரும்பாலும் மீட்டுத் தராது. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அவர் விஷயத்தில் நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் முற்றிய பிறகு வருபவர்களுக்கு லேசர் வைத்தும் பார்வை இறங்குவதுண்டு. பழி லேசர் மேல் விழும். நடுப்புள்ளியில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். மரக்க வைத்துத்தான் போடுவார்கள், ஆனால் ஒன்றோடு முடியாது. இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸ் வீங்கிப் பவர் மாறும். அது நிலைக்கும் முன் புதுக் கண்ணாடி வாங்கினால் காசுதான் வீண். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) பலருக்கும் 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. உங்கள் அளவை டாக்டரிடம் கேளுங்கள். பிரஷரையும் விடாதீர்கள், அதுவும் இதே குழாய்களைத்தான் அடிக்கிறது. ரொம்ப நாள் எகிறிய சர்க்கரையை மளமளவென்று இறக்கினால் விழித்திரைக் கோளாறு தற்காலிகமாகக் கூடலாம். ஆகவே இன்சுலின் தொடங்கும் முன் கண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. பொன்னாங்கண்ணியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கசியும் குழாயை அது அடைக்காது, அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் கதவு நிலையைப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நிலை வளைந்து தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.