காலையில் கைப்பம்பு ஆயில் இழுக்காதது பற்றி

210 லிட்டர் பேரலில் மாட்டிய சுற்றுக் கைப்பம்பு காலையில் எவ்வளவு சுற்றினாலும் இழுக்கவில்லை, ஒருதடவை ஏறிவிட்டால் சாயந்திரம் வரை பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதுப் பம்பு வாங்க அவசரப்படாதீர்கள் அண்ணா.

பேரலின் சின்ன மூடி இறுகியிருந்தால் உள்ளே காற்றுப் போக வழியில்லாமல், முதலில் நன்றாக வந்து போகப்போகத்தான் திணறும். உங்களுக்கு நேர்மாறு. ராத்திரியில் குழாயிலுள்ள ஆயில் கீழே இறங்கிவிடுகிறது; எங்கோ காற்று நுழைகிறது. உறிஞ்சுகுழாய் இரண்டு மூன்று துண்டாக இருக்குமே, அந்த மரை இணைப்புகள்மேல்தான் எனக்குச் சந்தேகம். கழற்றி, பழைய பிசுக்கைத் துடைத்து, டெஃப்லான் டேப் சுற்றி முறுக்குங்கள். மாட்டுமுன் பம்புக்குள் அதே ஆயிலை அரை டம்ளர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பம்பின் முன்மூடியைத் திறந்து, சுழன்று ஆயிலைத் தள்ளும் வேன் (vane) தகடுகளை விரலால் தள்ளிப் பாருங்கள். அவை உட்கார்ந்திருக்கும் காடியில் (பள்ளத்தில்) தடையில்லாமல் வழுக்கி வரவேண்டும். என்னுடையதில் ஒன்று கறுத்த பிசினில் ஒட்டிக்கிடந்தது, டீசலில் கழுவியதும் சரியானது.

குழாயின் நுனி பேரலின் அடியைத் தொடவேண்டாம், இரண்டு விரல் மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் வண்டல்தான் வரும்.

இன்னொன்று, ஆயில் பம்பை அவசரத்துக்குக்கூட பெட்ரோலுக்கோ தின்னருக்கோ போடாதீர்கள். சீல் ஊறிப்போவது ஒருபக்கம், நிலைமின் பொறி ஒன்று போதும் பற்றிக்கொள்ள.