தினமும் போகிறாள்தான், ஆனால்...

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒரே வருடத்தில் மூன்று முறை சிறுநீர்த்தொற்று. ஆண்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் நீர்க்கடுப்பு. ஸ்கேனில் சிறுநீரகத்தில் குறை ஒன்றும் இல்லை. மாமியார், உடம்புச் சூடு என்று இளநீர் கொடுக்கிறார். மலம் தினமும் போகிறாள், ஆட்டுப்புழுக்கை மாதிரி கொஞ்சம். ஜட்டியில் அடிக்கடி கறை. விளையாடும்போது திடீரென்று குதிகால்மேல் குந்தி உட்கார்ந்துகொள்கிறாள். சரியாகக் கழுவாததுதான் காரணமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, கழுவுவதை விடுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பாதியிலேயே விடை இருக்கிறது.

அந்தக் குதிகாலில் தொடங்குகிறேன். அது விளையாட்டு அல்ல. சிறுநீர் முட்டும்போது குதிகாலால் அடைத்துப் பிடிக்கிறாள். பல பெண்குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே இந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறார்கள். ஏன் அப்படி முட்டுகிறது? சிறுநீர்ப்பைக்குப் பின்னால்தான் மலக்குடல். அதில் மலம் இறுகிச் சேர்ந்தால் குடல் வீங்கிப் பையை அழுத்துகிறது. பை முழுதாக நிறையவும் முடிவதில்லை, முழுதாகக் காலியாகவும் முடிவதில்லை. மிஞ்சும் சிறுநீரில் குடலிலிருந்து வரும் ஈ.கோலை கிருமி பெருகுகிறது. டெங்குக் காலத்தில் தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறோமே, அதே கணக்கு.

தினமும் போகிறாள் என்பதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். புழுக்கை புழுக்கையாக வந்தால் உள்ளே பெரிய கட்டி தங்கியிருக்கலாம். அதைச் சுற்றிக் கசியும் நீர்மலம்தான் பெரும்பாலும் அந்தக் கறை. அவளுக்கே தெரியாமல் கசிவது. அதற்காகத் திட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அமெரிக்காவின் அயோவாவில் வேரா லோனிங்-பாக்கே என்ற மருத்துவர், நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளை ஆராய்ந்து 1997இல் எழுதினார். சிறுநீர்ப் பாதையில் பிறவிக்குறை இல்லாத குழந்தைகளுக்கு, மலச்சிக்கலைக் கவனித்த பிறகு, திரும்பத் திரும்ப வந்த தொற்று நின்றுபோனது.

உங்கள் டாக்டரிடம் மலத்தைப் பற்றியும் சொல்லி, வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி இருந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். பெரும்பாலும் பாலிஎதிலீன் கிளைக்கால் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார். அளவையும் அவரே சொல்லட்டும். பத்து நாளில் இளகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழைய உணர்வுக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். நான் பார்த்த தோல்விகளில் பாதி இங்கேதான்.

சாப்பிட்டதும் ஐந்து, பத்து நிமிடம் கழிவறையில் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் தொங்கும் கால்களுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். பால் மூன்று நான்கு டம்ளர் குடிக்கிறாளென்றால் குறையுங்கள். ஆயக்குடிக் கொய்யா விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு பழத்துக்கு என்ன பஞ்சம்? இளநீரும் தொடரட்டும், மாமியாரோடு சண்டை வேண்டாம். சூட்டினால் தொற்று வருவதில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் சிறுநீர் கழிக்கிறாளா என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமியிடம் அதைக் கேட்டேன். பதில் சொல்லாமல் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்காட்டினாள். காலையில் போனவள் மாலை வரை அடக்கியிருக்கிறாள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள்.

நடுவில் காய்ச்சல் வந்தால் இதையெல்லாம் நம்பிக் காத்திருக்காமல், அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.