1971 எம்ஜிபி காருக்கு எந்த எஞ்சின் ஆயில் நல்லது? அடிப்படைப் பராமரிப்பு என்னென்ன?

நீங்கள் கேட்டவை இரண்டு. இப்போது வருகிற 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ரக முழுச் செயற்கை ஆயிலை எம்ஜிபி என்ற இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஊற்றலாமா? காரை வெளியே எடுக்காத வாரங்களில் நிறுத்தியிருக்கும் இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதுமா? இரண்டுக்கும் என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். இதே வகைக் காரை நானே பராமரித்து ஓட்டுபவன் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் காரில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின். பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. இன்றைய எஞ்சின்களைப் போல நுண்ணிய இடைவெளிகளோடு செய்யப்பட்டதல்ல. போதாததற்கு அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்தும் இருக்கும். மெல்லிய ஆயில் ஊற்றினால் சூடேறிய பிறகு பேரிங்குகளில் அழுத்தம் நிற்காது. டேஷ்போர்டில் உள்ள ஆயில் பிரஷர் முள்ளைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 என்பது கையேட்டுக் கணக்கு. இந்தக் கணக்குக்குப் பொருந்துவது 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரகம். கடுங்குளிரில் ஓட்டுபவர் என்றால் 15டபிள்யூ-40 பற்றி யோசிக்கலாம், அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

ஆனால் ஆயிலின் கெட்டித்தன்மையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் முனைப்பு ஒவ்வொன்றும், அசைவை வால்வுக்குக் கடத்தும் தட்டையான டேப்பெட் மீது நேரடியாக உரசிக்கொண்டே சுழல்கிறது. இடையில் உருளை எதுவும் கிடையாது. அந்தச் சிறு பரப்பில் விழும் அழுத்தத்துக்கு ஆயில் படலம் மட்டும் தாங்காது. உலோகத்தின் மேல் தேய்மானத்தைத் தடுக்கும் பூச்சு ஒன்று உருவாக வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி என்ற சேர்மம்தான் அந்தப் பூச்சைத் தருகிறது. இன்றைய கார்களின் புகைப்போக்கியில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2004இல் கொண்டுவந்த எஸ்எம் தரத்திலிருந்து மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். 5டபிள்யூ-30 அந்த வரம்புக்குள் வருகிறது, 20டபிள்யூ-50 வருவதில்லை. அதற்காக எல்லா 20டபிள்யூ-50 ஆயிலிலும் போதிய துத்தநாகம் இருக்கும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். தயாரிப்பாளரின் விவரத் தாளைத் தேடிப் படியுங்கள். பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பழைய கார்களுக்கென்றே விற்கப்படும் ஆயில்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். நல்ல ஆயிலை வாங்கிவிட்டு, அதன் மேல் 'துத்தநாகச் சத்து' என்று தனிப் புட்டியில் விற்பதையும் கலப்பது வீண் செலவு. அளவு மீறினால் கெடுதலும் கூட.

செயற்கை ஆயில் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. செயற்கை 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் ஒன்றும் அழுது புலம்பாது. ஆனால் இந்தக் காரில் ஆயிலை மாற்றுவது கிலோமீட்டர் கணக்குக்காக அல்ல, வருடக் கணக்குக்காக. இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் வடித்துக் கொட்டப்போகும் ஆயிலுக்கு ஏன் இரட்டை விலை? சாதாரண மினரல் 20டபிள்யூ-50, வருடம் ஒருமுறை, கூடவே ஃபில்டரும். ஃபில்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தால், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பிரஷர் முள் சில விநாடி சுழியத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது நெஞ்சுக்கு நல்லதல்ல.

ஐந்து நிமிட ஓட்டத்துக்கு வருகிறேன். குளிர்ந்த எஞ்சினில், பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கை இழுத்து ஓடவிடும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளேயே படிகிறது. இவை ஆவியாகி வெளியேற ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆயில் அந்தச் சூட்டை அடைகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் வெண்மஞ்சளாக வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் அது இந்த ஈரம்தான். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். அமிலம் ஏறிய பழைய ஆயிலில் பேரிங்குகள் மாதக்கணக்கில் ஊறக் கூடாது.

பலரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் தலை. இரண்டிலும் மேலே இருக்கும் மூடியைக் கையால் திருகி எடுத்தால் மெல்லிய தண்டு ஒன்று வெளிவரும். உள்ளே தெரியும் குழல் தண்டின் விளிம்புக்கு மேல் சுமார் 13 மில்லிமீட்டர் வரை இளகிய ஆயில் இருக்க வேண்டும். மூடியைத் திரும்ப இறக்கும்போது, கடைசி விரற்கடை தூரத்தில் அது விரலை எதிர்த்து மெதுவாக இறங்க வேண்டும். 'சொட்'டென்று விழுந்தால் உள்ளே ஆயில் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் கார் ஒரு கணம் திணறிப் பிறகு பாய்கிறதா? ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிப்பதற்கு முன் இங்கே பாருங்கள். பெரும்பாலும் சில சொட்டு ஆயிலில் தீர்ந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. வால்வு இடைவெளி 0.38 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவும். லேசான டிக் டிக் சத்தம் இருக்கட்டும், அதைப் போக்குகிறேன் என்று இறுக்கினால் எக்சாஸ்ட் வால்வு கருகும். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளான கிங்பின்களில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. ஜாக்கால் தூக்கிச் சக்கரத்தின் மேல் பாரம் இல்லாதபோது அடித்தால்தான் கிரீஸ் உள்ளே போகும். பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள். பேட்டரியைத் தேடி பானட்டைத் திறக்காதீர்கள். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் கண்மறைவாக இருக்கின்றன.

கியர்பாக்ஸுக்கு இந்தக் காரில் கியர் ஆயிலே கிடையாது. அதே 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான். வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருந்தால் அதற்கும் இதுவே. ஜிஎல்-5 ரகக் கியர் ஆயிலை ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கை நாசூக்காகத் தடுத்துவிடுங்கள். அதிலுள்ள கந்தகம் கலந்த சேர்மங்கள் கியர்கள் உரசாமல் மாற உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கக்கூடியவை. பின் அச்சுக்குத்தான் 90 ரக ஹைப்பாய்ட் கியர் ஆயில்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்ரோல் ஹோஸ்களைப் பாருங்கள். பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து உரித்துவிடும். இரண்டு கார்புரேட்டர்களும் சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. எப்போது மாற்றியது என்று தெரியாத ஹோஸ் என்றால், எத்தனாலைத் தாங்கும் தரக் குறியான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட புதியதை வாங்கி, கிளிப்புகளோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆயில் மாற்றும் வேலை அதற்கு அடுத்த வாரம் நடந்தால் போதும்.