வினிகர் மீனைக் கேளுங்கள்

கேள்வி: ஜப்பானிய உணவையும் கரீபியன் உணவையும் கலந்து பரிமாறும் ஓர் உணவகத்துக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். பச்சை மீன் சுஷியின் மேல் ஜெர்க் மசாலா குழைத்த மயோனைஸ்! இரண்டு நாட்டுச் சமையலையும் ஒருசேரக் கெடுப்பதற்குப் பெயர் புதுமையா? அவரவர் உணவு அவரவர் பாரம்பரியப்படியே இருக்கக் கூடாதா?
(வாசகர், டொராண்டோ)

பதில்: அந்தச் சுஷியைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அடிமைத் தளையிலிருந்து தப்பி, கரீபியன் தீவான ஜமைக்காவின் மலைக்காடுகளில் வாழ்ந்த மரூன் மக்கள் காட்டுப்பன்றியை வாட்டிய முறைதான் ஜெர்க். ஆல்ஸ்பைஸ் என்ற நறுமணக் காய், தைம் என்ற மூலிகை இலை, வெங்காயத்தாள், ஸ்காட்ச் பானெட் மிளகாய் எல்லாம் இறைச்சியில் ஊறி, ஆல்ஸ்பைஸ் மரக்கட்டையின் புகையில் நிதானமாக வேக வேண்டும். புகையே படாத மசாலாவை மயோனைஸில் குழைத்துப் பச்சை மீனின் தலையில் கொட்டியவருக்கு ஜெர்க்கும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை.

ஆனால் அந்த ஒரு தட்டைக் காட்டிப் பாரம்பரியத்தைக் கூண்டில் அடைக்கப் பார்க்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மீனையும் காய்கறியையும் மாவில் தோய்த்துப் பொரிக்கிற, ஜப்பானின் அடையாளமாகிவிட்ட டெம்புரா, 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன போர்த்துகீசியரிடம் கற்ற பொரிப்பு முறை. ஜப்பானிய வீடுகளில் அடிக்கடி சமைக்கும் கறிச் சோறு, மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) பிரிட்டிஷார் வழியாகப் போனது. ஜமைக்காவின் ஆட்டுக்கறியோ, 1845 முதல் அங்குள்ள தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் கைப்பக்குவம். மார்த்தினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சு கரீபியன் தீவுகளில் 'கொலம்போ' என்று ஒரு குழம்பு வைக்கிறார்கள். கொத்தமல்லி, மஞ்சள், கடுகு சேர்ந்த அந்த மசாலா, 1850களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்களோடு போனது. ஊரைவிட்டுப் பிடுங்கப்பட்டவர்கள் கிடைத்ததை வைத்து உருவாக்கிய சமையல் அது. அதைத் தூய்மைக் கணக்கில் எடைபோடுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஜப்பானும் ஜமைக்காவும் உண்மையாகவே சந்திக்கிற ஒரு தட்டு இருக்கிறது. ஜமைக்காவில் சங்கரா வகை மீனை முழுதாகப் பொரித்து, வெங்காயம், கேரட், ஸ்காட்ச் பானெட் மிளகாய் போட்டுச் சூடாக்கிய வினிகரை மேலே ஊற்றி ஊறவிடுகிறார்கள். ஜப்பானில் சிறிய அஜி மீனை மாவில் புரட்டிப் பொரித்து, வினிகர், சோயா சாஸ், கடற்பாசியும் உலர்மீனும் போட்டு இறக்கிய தாஷிச் சாறு கலந்ததில் வெங்காயம், கேரட், காய்ந்த மிளகாயோடு ஊறப்போடுகிறார்கள். இரண்டுக்கும் வேர், ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கிற ஐபீரியத் தீபகற்பத்தில். ஸ்பானியரோடு மேற்கே ஒரு கிளை போனது, போர்த்துகீசியரோடு கிழக்கே இன்னொன்று. இந்த இரண்டையும் அறிந்த சமையல்காரர் தாஷி கலந்த வினிகரில் ஸ்காட்ச் பானெட்டை ஒரு கீற்று மட்டும் போடுவார். முதலில் நாக்கில் புளிப்பு, அடுத்து அந்த மிளகாய்க்கே உரிய பழ வாசனை, காரம் அதற்குப் பிறகுதான். மீனின் சுவை எங்கேயும் அமுங்காது.

அடுத்த முறை போனால் அந்த வினிகர் மீனைக் கேளுங்கள். இல்லையென்றால் கரியில் வாட்டிய கோழியைக் கேளுங்கள். கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்து ஜப்பானிய யாகிட்டோரி சுடுகிறவருக்கும் ஜெர்க் சுடுகிறவருக்கும் நெருப்பைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. இரண்டும் இல்லை, எல்லாவற்றின் மேலும் அதே மயோனைஸ்தான் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் சமையல்காரரை அழைத்து, என்ன பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.