"அவன் எப்பவுமே அப்படித்தான்"

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது, விசைப்படகில் கடலுக்குப் போகிறான். சின்னப் பிள்ளையிலிருந்தே யாராவது சத்தம் போட்டாலே தாங்கமாட்டான். வலையில் ஆமை சிக்கிச் செத்துக் கிடந்ததைப் பார்த்த அன்று சோறே இறங்கவில்லை அவனுக்கு. போன மாதம் கரையில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினான். அதிலிருந்து தொழிலுக்குப் போகவில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. நேற்று, "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதிதான்க்கா" என்கிறான். அம்மா, "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்கிறார். நான் பயப்படுவது சரியா?
– ஒரு அக்கா, தங்கச்சிமடம்

பதில்: சரிதான் சகோதரி. மெல்லிய மனசு நோய் இல்லை. எலைன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களிலேயே இதை ஆராய்ந்து, 100 பேரில் 15, 20 பேருக்கு இது பிறவிச் சுபாவம் என்று எழுதினார். இவர்களுக்கு ஏச்சும் ஆழமாக இறங்கும், அன்பும் ஆழமாக இறங்கும். ஆபத்து எங்கே என்றால், எதற்கெடுத்தாலும் கலங்குகிற பிள்ளை என்று வீடே பழகிப்போய், அவன் நிஜமாகவே தவிக்கும்போதும் அதையே சொல்லிக் கடந்துவிடுவதில்தான். தூக்கம் போனதும் தொழிலுக்குப் போகாததும் அவன் சுபாவம் இல்லை, புதிது. அம்மாவுக்கு அதைச் சொல்லுங்கள்.

இன்றைக்கே தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்: "தம்பி, செத்துடலாம்னு தோணுதாடா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், கிளப்பாது, பலருக்குப் பாரம் இறங்கத்தான் செய்யும். அப்புறம் அவன் பேசட்டும். "ஆம்பளப் பய அழலாமா", "பெத்தவளை நினைச்சுப் பார்த்தியா" எல்லாம் தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே வீட்டுக்குப் பாரம் என்று நினைக்கிறவனுக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை மருந்துகளை எடுத்துப் பூட்டிவைத்துவிட்டு, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகும், ஊர் பேசும் என்று நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் மூடிவைக்கிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி, ஒருவர் தற்கொலைக்கு முயன்றே இருந்தாலும் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. பேச மட்டும் வருகிறவனை எந்தப் போலீஸும் கேட்காது.

வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் 14416-க்கு நீங்களே போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எனக்குச் சொன்னதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள்.